வன்னியில நிண்டு சொந்தமா ஆலோசனைச் சேவை: என்ன தெரிஞ்சிருக்க வேணும்? எவ்வளவு கேக்க வேணும்?

மாங்குளம் சந்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியோட திட்ட வேலை முடியுது. விவசாயப் படிப்பு, கள ஆய்வு, அறிக்கை எழுதுறது எண்டு எட்டு வருசம். இனி ஆருக்கும் கீழ சம்பளத்துக்குப் போகாமல் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு எண்ட சுத்துக்குள்ளயே தனியா ஆலோசனைச் சேவை செய்யலாமோ எண்டு பாக்கிறன். தொழில் தெரியும். அதை விக்கத் தெரியுமோ எண்டதுதான் பிரச்சினை.

நாள் கூலி எப்பிடிக் கணக்குப் பாக்கிறது? பதிவு, வரி எல்லாம் எப்பிடி? எந்தக் குணம் இல்லாட்டி இந்தப் பக்கம் வரக்கூடாது? "நல்லா வரும், செய்யுங்கோ" எண்ட ஆசீர்வாதம் வேண்டாம். கணக்கோட சொல்லுங்கோ.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

அநேகமானோர் பழைய சம்பளத்தை 22 ஆல் பிரித்து அதையே நாள் கூலியாகக் கேட்கிறார்கள். 1,20,000 சம்பளம் என்றால் 5,450 ரூபாய். அடுத்த வருடமே திரும்பவும் வேலை தேடுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. காரணம், சம்பளக்காரனுக்கு மாதத்தில் 22 நாளும் காசு. ஆலோசகருக்கு அப்படி இல்லை.

வருடத்தில் 365 நாள். சனி, ஞாயிறு 104. அரச விடுமுறை ஏறக்குறைய 25. காய்ச்சல், கோயில் திருவிழா, செத்தவீடு, கலியாணவீடு என்று 16 வையுங்கள். மிச்சம் 220. அதில் விண்ணப்பம் எழுதுவது, ஆட்களைச் சந்திப்பது, காசுக்குப் பின்னால் அலைவது, கணக்கு எழுதுவது எல்லாம் பாதியைத் தின்றுவிடும். ஆக, காசு கேட்கக்கூடிய நாள் 100 என்று வைப்பதே நியாயம். முதல் வருடம் 80 கிடைத்தாலே பெரிய விசயம்.

இப்போது செலவுப் பக்கம்:

கைக்கு வேண்டியது, மாதம் 1,20,000 படி: 14,40,000
வேலையில் இருந்தபோது முதலாளி கட்டிய ஊழியர் சேமலாப நிதி 12%, நம்பிக்கை நிதி 3%, சேர்த்து 15%: 2,16,000
பெற்றோல், தொலைபேசி, டேட்டா, அச்சு, லப்டொப் தேய்மானம், மோட்டார் சைக்கிள் திருத்தம், மாதம் 30,000 படி: 3,60,000

மொத்தம் 20,16,000. நூறு நாளால் பிரித்தால் 20,160. எண்பது நாள் என்றால் 25,200.

இதுதான் உங்களுடைய நாள் கூலி. 5,450 இல்லை. அந்த 15 வீதத்தை அநேகம் பேர் மறந்துவிடுவார்கள். வேலையை விட்ட அன்றிலிருந்து அதைக் கட்ட ஆள் இல்லை.

---

உழுந்துவடை எழுதியது:

கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஒட்டுசுட்டானில ஒரு கமக்காரனிட்டப் போய் "நாளுக்கு இருபதாயிரம்" எண்டு சொல்லிப் பாருங்கோ. பிளேன்ரீ தந்து அனுப்புவினம்.

---

இரணைமடு வான்கதவு எழுதியது:

உழுந்துவடை சொன்னதில உண்மை இருக்கு. ஆனா அது கூலியின்ர பிழை இல்லை, ஆளைத் தெரிஞ்செடுத்த பிழை.

கமக்காரனுக்கு ஆலோசனை சும்மாதானே கிடைக்குது. கமநல சேவை நிலையம் இருக்கு, விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார், விதை மருந்துக் கடைக்காரனும் சொல்லுவான். சும்மா கிடைக்கிறதை விக்கப் போனா ஆர் வாங்குவினம்? எந்த மருந்து, எத்தினை அந்தர் உரம் எண்டதெல்லாம் விக்கிற சாமான் இல்லை. அளந்து, கணக்குப் போட்டு, தாளில எழுதி, கீழ கையெழுத்து வைக்கிற வேலை இருக்கே, அதுக்குத்தான் காசு.

எங்கட பக்கத்தில அந்தத் தாள் தேவைப்படுற ஆக்கள் நாலு வகை.

ஒண்டு, என்.ஜி.ஓ.வும் ஐ.நா. அமைப்புகளும். அடிப்படை ஆய்வு, முடிவு மதிப்பீடு, பயிற்சி. காசு நல்லது, பிந்தி வரும்.

ரெண்டு, வெளிநாட்டில இருந்து ஊரில காசு போட நினைக்கிற எங்கட சனம். ரொறன்ரோவில, லண்டனில இருக்கிறவருக்கு மச்சான் போனில சொல்லுறதில முழு நம்பிக்கை இல்லை. நேர பாத்து, படம் எடுத்து, "இது சரிவரும், இது சரிவராது" எண்டு சொல்ல வெளி ஆள் ஒருதர் வேணும். அவைக்கு 20,000 பெரிய காசில்லை. ஆனா மச்சானோட பகைக்க நேரிடும், அதுக்கும் மனசைத் தயார்ப்படுத்துங்கோ.

மூண்டு, கடனுக்குத் திட்ட அறிக்கை கேக்கிறவை. அரிசி ஆலை, மாட்டுப்பண்ணை, கோழி.

நாலு, கூட்டுறவுச் சங்கங்கள். காசு குறைவு, கூட்டம் கூட. ஆனா ஒரு சங்கத்துக்குச் செய்தா பத்துச் சங்கத்துக்குப் பேர் போகும்.

நாள் கூலியை ஆருக்கும் வாயால சொல்லாதேங்கோ. அது உங்கட கொப்பிக்குள்ள இருக்கவேணும். வாடிக்கையாளருக்கு முழு வேலைக்கு ஒரு தொகை. "காணி பாத்து, கிணறு அளந்து, 8 பக்க அறிக்கை, 90,000" எண்டா அது விலை. "நாலரை நாள், நாளுக்கு இருபது" எண்டா உடன "உதை ரெண்டு நாளில முடிக்கேலாதோ" எண்டு பேரம் தொடங்கும்.

---

பாலைப்பழம் எழுதியது:

சந்தி தம்பி, மூண்டாவது கேள்விக்கு நான் வாறன். குணம் எண்டு கேட்டியள். குணத்தைத் தனியாச் சொல்லேலாது, வேலைக்குள்ள வைச்சுத்தான் காட்டலாம். இரணைமடு அண்ணை சொன்ன ரெண்டாவது வகையையே எடுப்பம். வெளிநாட்டில இருக்கிற ஒருதர் நெடுங்கேணிப் பக்கம் ஒரு ஏக்கரில சொட்டு நீர்ப் பாசனத்தோட பப்பாசி வைக்கலாமோ எண்டு கேக்கிறார்.

மண்ணுக்கு முதல் கடதாசியைப் பாருங்கோ. சொந்த உறுதிக் காணியோ, அரசு அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணியோ? அனுமதிப்பத்திரம் எண்டா பிரதேச செயலாளரின்ர சம்மதம் இல்லாமல் கைமாத்தேலாது. "வாங்கியாச்சு" எண்டு அவர் நினைக்கிற காணி சட்டப்படி இன்னும் பழைய ஆளின்ர பேரில இருக்கும். அதோட, வன இலாகாவின்ர எல்லைக்கல் உள்ளுக்க விழுந்திருக்கோ எண்டும் பாக்கவேணும். இது சரியில்லாட்டி மிச்ச வேலையைத் தொடாமல், அந்த ஒரு நாளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு நிப்பாட்டுங்கோ. முழு அறிக்கையும் எழுதிப்போட்டு கடைசிப் பக்கத்தில "காணி ஆவணம் தெளிவில்லை" எண்டு போடுறது ஏமாத்து.

பேந்து தண்ணி. 8 அடிக்கு 8 அடி நட்டா ஒரு ஏக்கரின்ர 43,560 சதுர அடியை 64 ஆல பிரிக்க 680 கண்டு. காய்க்கிற மரத்துக்குக் கோடையில நாளுக்கு 20 லீற்றர் வைச்சா 13,600 லீற்றர் வேணும். கிணறு குடுக்குமோ?

இதிலதான் ஆக்கள் கோட்டை விடுறது. தை மாசம் போய்ப் பாத்தா வன்னியில எந்தக் கிணறும் விளிம்பு மட்டும் நிக்கும். படம் எடுத்து "நீர்வளம் தாராளம்" எண்டு எழுதிவிடுவினம். அளக்கவேண்டிய நேரம் மாரி தொடங்க முன்னம், ஆவணி கடைசி, புரட்டாதி முதல் கிழமைகள். பம்ப் போட்டு மட்டத்தை இறக்குங்கோ. தோட்டத்துக்கு ஒவ்வொரு நாளும் இறைக்கேக்க மட்டம் எவ்வளவுக்கு இறங்குமோ அவ்வளவுக்கு. நாடாவில கல்லைக் கட்டி அளந்து நேரத்தைக் குறியுங்கோ. 24 மணித்தியாலம் ஆரும் இறைக்கக்கூடாது. அடுத்த நாள் அதே நேரம் திரும்ப அளவுங்கோ. 5 மீற்றர் விட்டமான கிணறு எண்டா பரப்பு 19.6 சதுர மீற்றர். ஒரு மீற்றர் ஏறியிருந்தா 19,600 லீற்றர், 680 கண்டுக்கும் காணும். அரை மீற்றர்தான் ஏறினது எண்டா 9,800 லீற்றர். அது 490 கண்டுக்குத்தான்.

அப்ப அறிக்கையில "ஒரு ஏக்கர் சரிவராது, 490 கண்டோட நிப்பாட்டுங்கோ" எண்டு எழுதவேணும். அவர் ஒரு ஏக்கர் எண்டு சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லி முடிச்சிருப்பார். உங்களுக்கும் அடுத்த கட்ட வேலை, மேற்பார்வை எண்டு காசு வர இருக்கும். அந்த இடத்தில 490 எண்டு எழுதக் கை போகுதோ இல்லையோ எண்டதுதான் நீங்கள் கேட்ட குணம். எழுதேலாட்டி சம்பளத்துக்கே போங்கோ. அங்க பிழைக்கு மேலதிகாரி ஒருதர் இருப்பார்.

யானை வேலி, குரங்கு, பப்பாசியில வாற வளையப்புள்ளி வைரசு எல்லாம் அறிக்கையில வரவேணும், இஞ்ச எழுதினா விடியும்.

---

உழுந்துவடை எழுதியது:

அக்கா, எல்லாம் சரி. சொட்டு நீர்க் குழாய்க் கடைக்காரன், பம்ப் கடைக்காரன் எல்லாம் ஆள் அனுப்பினா 5%, 10% தருவினம். எல்லாரும் வாங்குறது. அதையும் சேர்த்தா கணக்கப்பிள்ளை சொன்ன 20,160 ஐ 15,000 ஆக்கலாம், கமக்காரனுக்கும் லாபம். அதில என்ன பிழை?

---

பாலைப்பழம் எழுதியது:

பிழை 490 இல இருக்கு. குழாயில 10% வாங்குற ஆளுக்கு 680 கண்டுக்குக் குழாய் விக்கிறதுதான் லாபம். கிணத்தை அளக்கக் கை நடுங்கும்.

---

இரணைமடு வான்கதவு எழுதியது:

உழுந்துவடை கேட்டதைச் சும்மா தட்டேலாது. வாங்குறவை இருக்கினம், பலர் நேர்மையான ஆக்கள். ஆனா இது கொழும்பு இல்லை. புதுக்குடியிருப்பில ஒரு கடையில வாங்கின கொமிசன் பின்னேரத்துக்குள்ள முள்ளியவளைக்குத் தெரியும். பேந்து நீங்கள் எந்தப் பம்ப் நல்லம் எண்டு சொன்னாலும் "அவருக்கு அங்க கொமிசன்" எண்டுதான் கதை போகும்.

நடைமுறை வழி ஒண்டிருக்கு. மூண்டு கடையில கொட்டேசன் எடுங்கோ. எடுக்கேக்க "என்ர பங்கை விலையில கழிச்சுத் தாங்கோ" எண்டு சொல்லுங்கோ. மூண்டையும் அப்பிடியே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கோ. காசை அவர் கடைக்கு நேரடியாப் போடட்டும், உங்கட கணக்குக்கு வரவே கூடாது. உங்கட கணக்குக்கால சாமான் காசு போனா, பேந்து பம்ப் பழுதாகினாலும் நீங்கள்தான் வித்த ஆள்.

இதே மாதிரி இன்னொரு பொறி. திட்ட அறிக்கைக்குக் கடன் தொகையில வீதம் கேக்கிறது. "கடன் கிடைச்சா 2%" எண்டா கேக்கிறவனுக்கு லேசு, முதல்ல காசு குடுக்கத் தேவையில்லை. ஆனா 10 இலட்சம் காணுற வேலைக்கு 15 எண்டு எழுத உங்களுக்கு ஆசை வரும். கட்டுறது அவன். 10 இலட்சத்தை 14% வட்டியில 5 வருசத்துக்கு எடுத்தா மாசம் 23,268 ரூபாய் கட்டவேணும். பப்பாசி முதல் காய் வெட்ட எட்டு, ஒன்பது மாசம் செல்லும். ஒன்பது மாசத்தில ஒரு பழமும் விக்காமல் 2,09,000 க்கு மேல போயிடும். இதைக் கண்டு, "முதல் ஒன்பது மாசம் வட்டி மட்டும்" எண்டு வங்கியிட்டக் கேக்கச் சொல்லி எழுதுற ஆளுக்குத்தான் காசு குடுக்கலாம். அதுக்கு நிலையான கட்டணம் வாங்குங்கோ, கடன் கிடைச்சாலும் கிடைக்காட்டியும்.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

இரண்டாவது கேள்வி விடுபட்டுப்போய்விட்டது. சுருக்கமாக.

உங்கள் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் வியாபாரப் பெயர்ப் பதிவு கட்டாயமில்லை. வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். விண்ணப்பம் பிரதேச செயலகத்தில், கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலுடன். ஆனாலும் என்.ஜி.ஓ.க்களின் கணக்குப் பகுதி பதிவுச் சான்றிதழைக் கேட்கும், வங்கியில் அந்தப் பெயரில் கணக்குத் திறக்கவும் அது வேண்டும். பதிந்துவிடுவது நல்லது. கம்பனியாகப் பதிவது இப்போதைக்கு வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வந்தால் வருடாந்தக் கணக்கறிக்கை, செயலாளர் என்று செலவு ஏறும்.

வரி இலக்கம் கட்டாயம் எடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனியாளுக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வரி விலக்கு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6%. மேலே போட்ட கணக்கில் 20,16,000 வரவில் செலவு 3,60,000 கழித்தால் 16,56,000. ஆகவே வரி இல்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். ஒரு மாதத்தில் ஒரு நிறுவனம் உங்களுக்குச் சேவைக் கட்டணமாக ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்தால் 5% நிறுத்திவைத்துத்தான் தரும். 4 இலட்சத்துக்குக் கட்டணப் பட்டியல் (இன்வொய்ஸ்) எழுதினால் 3,80,000 தான் கைக்கு வரும். அந்த 20,000 தொலைந்துபோன காசு இல்லை. நிறுத்திவைத்த வரிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, நவம்பர் 30 க்கு முன் வருமான வரி விபரத்திரட்டைக் கொடுத்தால் திரும்பக் கோரலாம். சான்றிதழைக் கேட்காதவர்கள்தான் அந்தக் காசை விட்டுவிடுகிறார்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். ஒவ்வொரு கொடுப்பனவும் வந்த கிழமையே சான்றிதழைக் கேளுங்கள். மார்ச்சில் கேட்டால் அந்தக் கணக்காளர் மாறிப் போயிருப்பார்.

செலவு ரசீது எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். பெற்றோல் ரசீது வெயிலில் வெளுத்துப்போகும். அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

---

மாங்குளம் சந்தி எழுதியது:

பாலைப்பழம் அக்கா, கிணத்துக் கணக்குக்கு ஒரு கும்பிடு. கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும்.

முதல் வருசம் என்.ஜி.ஓ. வேலைதான் கூட வரும் எண்டு நினைக்கிறன். விண்ணப்பம் போட்டா விலையில வெல்லுறதோ, தரத்தில வெல்லுறதோ? 200 குடும்ப ஆய்வு எண்டா எத்தினை நாள் போடுறது?

---

நந்திக்கடல் காத்து எழுதியது:

இந்த ரெண்டும் என்ர பக்கம்.

விலையோ தரமோ எண்டது ரி.ஓ.ஆரில, அதாவது அவை தாற வேலை விபரத் தாளில, எழுதியிருக்கும், அநேகம் பேர் வாசிக்கிறேல்லை. பொதுவா தொழில்நுட்பத்துக்கு 80, விலைக்கு 20 எண்டு பிரிப்பினம், சில இடத்தில 70க்கு 30. விலைப் புள்ளி போடுறது எப்பிடியெண்டா, ஆகக்குறைஞ்ச விலையை உங்கட விலையால பிரிச்சு நூறால பெருக்குறது.

ரெண்டு பேர் எண்டு வையுங்கோ. முதலாள் தொழில்நுட்பத்தில 85, விலை 9 இலட்சம். மற்றாள் 78, விலை 6 இலட்சம். முதலாளுக்கு 85 இன் 80% எண்டா 68. விலைப் புள்ளி 66.67, அதில 20% எண்டா 13.33. மொத்தம் 81.33. மற்றாளுக்கு 62.4 உம் 20 உம் சேர்த்து 82.4. முதலாள் 1.07 ஆல தோத்தார்.

இப்ப அவர் என்ன செய்திருக்கலாம்? விலையை வெட்டுறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும். ஆனா தொழில்நுட்பத்தில இன்னும் 2 புள்ளி எடுத்து 87 ஆக்கியிருந்தா 82.93, வெண்டிருப்பார். அந்த 2 புள்ளி எங்க கிடக்கும் எண்டா, ரி.ஓ.ஆரில கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் "இதை ஆரிட்டக் கேப்பன், எந்தக் கருவியால, எந்தக் கிழமை" எண்டு ஒரு அட்டவணை போடுறதில. பழைய விண்ணப்பத்தில பேரை மாத்தி அனுப்புறவைக்கு அது வராது. சில நேரம் பேரே மாறாமல் போகும், வேற நிறுவனத்தின்ர பேரோட. அதோட கதை முடிஞ்சுது.

இன்னொண்டு. தொழில்நுட்பமும் விலையும் தனித்தனிக் கவரில, தனித்தனி பிடிஎப் கோப்பில கேட்டிருந்தா, தொழில்நுட்பப் பக்கத்தில ஒரு இடத்திலயும் காசுத் தொகை வரக்கூடாது. வந்தா வாசிக்காமலே தள்ளுவினம்.

200 குடும்பத்துக்கு நாள் கணக்கு: 40 கேள்வி எண்டா ஒரு வீட்டில 45 நிமிசம். வீடுகள் தூரத் தூர, நாய், ஆள் வயலில எண்டு பாத்தா ஒரு தகவல் சேகரிப்பாளர் நாளுக்கு 6 தான் ஒழுங்காச் செய்வார். 10 செய்தன் எண்டு வந்தா நாலு மரத்தடியில நிரப்பினது. 5 பேர், நாளுக்கு 30, ஆக 7 நாள் களம்.

உங்கட நாள்: தொடக்க அறிக்கை 2, கேள்விக்கொத்து 2, பயிற்சியும் பரீட்சார்த்தமும் 2, களம் 7, குழுக் கலந்துரையாடல் குறிப்புகள் 3, தரவு சுத்தம் 3, பகுப்பாய்வும் வரைவும் 7, அவையின்ர கருத்துக்குத் திருத்தம் 2. மொத்தம் 28. ரி.ஓ.ஆரில 20 நாள் எண்டு போட்டிருப்பினம். எட்டு நாளை நீங்கள் சும்மா செய்யப்போறியளோ, குடும்ப எண்ணிக்கையைக் குறைக்கக் கேக்கப்போறியளோ எண்டதை விண்ணப்பம் போட முன்னம் தீர்மானியுங்கோ. ஒரு ஒண்டரை மணித்தியாலக் கலந்துரையாடலைத் தமிழில எழுதி, பேந்து இங்கிலீசாக்கக் குறைஞ்சது அரை நாள் போகும். அதை ஆரும் கணக்கில எடுக்கிறேல்லை.

எங்கட இடத்துக்கு மட்டும் உரிய சில விசயங்கள்:

"மாத வருமானம் எவ்வளவு?" எண்டு கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. நெல்லுச் செய்யிறவனுக்கு மாத வருமானம் எண்டு ஒண்டு இல்லை. போன காலபோகம் (மாரி நெல்லு) எத்தினை ஏக்கர், எத்தினை மூட்டை, கிலோ என்ன விலைக்குப் போனது, உழவுக்கும் வெட்டு மெசினுக்கும் எவ்வளவு எண்டு உடைச்சுக் கேட்டா எண் வரும். அதோட, உண்மையைச் சொன்னா அரசாங்கம் தாற அஸ்வெசும உதவிக் காசு வெட்டுப்படுமோ எண்ட பயம் இருக்கு. தாள் எந்த உதவியோடயும் சம்பந்தப்பட்டதில்லை எண்டு முதல் வரியில சொல்லுங்கோ. "உங்களுக்கு நல்லது நடக்கும்" எண்ட வார்த்தை வாயில வரவே கூடாது. இந்தச் சனம் நிரப்பின பதிவுத் தாளுகளுக்குக் கணக்கில்லை. ஒரு பொய் நம்பிக்கையைக் குடுத்து எடுத்த தகவல் தகவலும் இல்லை.

காணாமல் போனவை, இறந்தவை பற்றி ரி.ஓ.ஆரில தேவை இல்லாட்டி கேக்காதேங்கோ. "குடும்பத்தில எத்தினை பேர்?" எண்ட சாதாரணக் கேள்வியே சில வீட்டில அதைத் திறந்துவிடும். திறந்தா பேனையை வைச்சிட்டு இருங்கோ. அடுத்த வீட்டுக்குப் பிந்தினாப் பரவாயில்லை. இதைத் தகவல் சேகரிப்பாளருக்குப் பயிற்சி நாளிலயே நடிச்சுக் காட்டவேணும்.

காலம் பாத்துத் திகதி குடுங்கோ. மாசி, பங்குனி அறுவடை, வீட்டில ஆள் இல்லை. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமை முல்லைத்தீவுப் பக்கம் ஒண்டும் நடவாது. ஓகஸ்ட் 15 ஐ ஒட்டி மடு மாதா திருவிழா. ஐப்பசிக்குப் பிறகு வெள்ளம் வந்தா வட்டுவாகல் பாலத்துக்கு மேலால தண்ணி போகும். போற கிராமத்தின்ர கிராம சேவையாளருக்கும் பிரதேச செயலகத்துக்கும் முன்கூட்டிச் சொல்லி, கடிதத்தைக் கையில கொண்டு போங்கோ.

தகவல் சேகரிக்கக் கோபோ செயலியைப் போனில போட்டா சிக்னல் இல்லாமலும் நிரப்பலாம், இரவு மாங்குளத்துக்கு வந்து ஏத்தலாம். ஒவ்வொரு இரவும் ஏத்தினதை அண்டைக்கே பாருங்கோ. ஒரே ஆள் 9 நிமிசத்தில முடிச்ச தாள் இருந்தா விடிய அதே வீட்டுக்கு அவரோட நீங்களும் போகவேணும். ஏழாம் நாள் கண்டுபிடிச்சா ஒண்டும் செய்யேலாது.

---

உழுந்துவடை எழுதியது:

காசு எப்ப வரும் எண்டதை ஒருதரும் சொல்லேல்லை.

---

இரணைமடு வான்கதவு எழுதியது:

பிந்தித்தான் வரும். ஒப்பந்தத்தில 20% தொடக்க அறிக்கைக்கு, 40% வரைவுக்கு, 40% கடைசிக்கு எண்டு இருந்தா, அந்தக் கடைசி 40 இறுதி அறிக்கையை அவை "ஏற்றுக்கொண்ட" பிறகுதான். ஏற்க அவைக்கு அவசரமில்லை. அதனால கையெழுத்துப் போட முன்னம் ஒரு வரி சேர்க்கக் கேளுங்கோ: "வரைவு கிடைத்து 14 நாட்களுக்குள் கருத்துக் கிடைக்காவிட்டால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும்." சில இடம் ஒத்துக்கொள்ளும், சில இடம் ஒத்துக்கொள்ளாது. கேட்டதுக்காக ஆரும் வேலையைப் பறிக்கிறேல்லை.

கட்டணப் பட்டியலில இலக்கம், திகதி, ஒப்பந்த இலக்கம், வரி இலக்கம், வங்கிக் கிளை எல்லாம் இருக்கவேணும். ஒண்டு குறைஞ்சா "திருத்தி அனுப்புங்கோ" எண்டு மூண்டு கிழமை போகும். அனுப்பி ஏழாம் நாள் கணக்குப் பகுதிக்கு எடுத்து "கிடைச்சதோ" எண்டு மட்டும் கேளுங்கோ. 30 ஆம் நாள் எழுத்தில. கோபப்படத் தேவையில்லை, வெக்கப்படவும் தேவையில்லை. எங்கட ஆக்களுக்கு இந்த வெக்கம்தான் பெரிய நட்டம். செய்த வேலைக்குக் காசு கேக்கிறதைக் கடன் கேக்கிற மாதிரிக் கேப்பினம்.

நாலு மாசச் செலவு கையில இல்லாமல் வேலையை விடாதேங்கோ தம்பி. அந்தக் காசு இல்லாட்டி எந்த வேலை வந்தாலும் "ஓம்" எண்டுதான் சொல்லுவியள், தெரியாத வேலைக்கும். மீன்பிடித் தொழில் ஆய்வுக்கு விவசாயக்காரன் போய் நிக்கிறது அப்பிடித்தான்.

தனியாள் வாடிக்கையாளர் எண்டா பாதி முன்னுக்கு. வெளிநாட்டு ஆள் எண்டாலும் அதே. சொந்தக்காரர் எண்டா முழுக்க முன்னுக்கு 😄

---

மாங்குளம் சந்தி எழுதியது:

சிரிச்சிட்டன், ஆனா உண்மை.

முதல் வேலை ஒண்டு பேச்சில நிக்குது. அக்கா சொன்ன மாதிரியே தோட்டம், வெளிநாட்டுக்காரர். கடிதம் ஒண்டு வரைஞ்சிருக்கிறன், பாருங்கோ:

"தங்கள் காணியைப் பார்வையிட்டு, பப்பாசிச் செய்கைக்குத் தேவையான ஆலோசனைகள் அனைத்தும் வழங்கப்படும். அறிக்கை ஒரு மாதத்துக்குள் சமர்ப்பிக்கப்படும். கட்டணம் 90,000 ரூபாய்."

---

பாலைப்பழம் எழுதியது:

"தேவையான ஆலோசனைகள் அனைத்தும்" எண்டதை வெட்டுங்கோ. அந்த "அனைத்தும்" உங்களை ரெண்டு வருசத்துக்கு இரவு பதினொரு மணிக்கு எழுப்பும். அங்க அப்ப பகல். வேலியடைக்க ஆள் பிடிச்சுத் தாங்கோ, பம்ப் ஏன் சத்தம் போடுது, மச்சான் உரத்தை வித்துப்போட்டாரோ பாருங்கோ, எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ள வரும்.

இப்பிடி எழுதுங்கோ: காணி ஆவணப் பரிசீலனை, மூண்டு தடவை நேரில வருகை, ஒரு கிணற்று மீள்நிரம்பல் அளவீடு, மண் மாதிரி ஒண்டு, 8 பக்க அறிக்கை, அறிக்கை குடுத்த பிறகு 45 நிமிசத் தொலைபேசிக் கலந்துரையாடல் ஒண்டு. அதுக்குக் கீழ, சேராதவை: கண்டு, பம்ப், குழாய் கொள்வனவு, ஆள் பிடித்தல், மேற்பார்வை. மேலதிக வருகை ஒண்டுக்கு எவ்வளவு எண்டு தொகையைப் போடுங்கோ. ஆவணத்தில பிழை கண்டா அதோட வேலை நிக்கும், அதுவரைக்குமான கட்டணம் எவ்வளவு எண்டும். மண் பரிசோதனைக் காசு அவர் தனியாத் தரவேணும். 45,000 கிடைச்ச பிறகு முதல் வருகை.

அவர் வாட்ஸ்அப்பில குரல் பதிவு அனுப்புவார், அநேகமா ஆறு நிமிசம். ஒவ்வொண்டுக்கும் எழுத்தில ரெண்டு வரி பதில் போடுங்கோ: "நீங்கள் கேட்டது இது. இது எங்கட கடிதத்தில சேரும்" அல்லது "சேராது, விரும்பினா இவ்வளவு." குரலுக்குக் குரலால பதில் சொன்னா ஆறு மாசத்தால தேடி எடுக்கேலாது.

"ஒரு மாதத்துக்குள்" எண்டதையும் பாருங்கோ. இப்ப ஆனி.

---

மாங்குளம் சந்தி எழுதியது:

ஓம், கிணறு. "அனைத்தும்" வெட்டியாச்சு. அறிக்கைத் திகதியைப் புரட்டாதிக் கடைசிக்கு மாத்தி, ஏன் பிந்துது எண்டு ஒரு பந்தி சேர்த்திருக்கிறன். அவர் கார்த்திகையில நட நினைச்சவர், பிந்திறது அவருக்குப் பிடிக்காது. கடிதம் இண்டைக்கு இரவு போகுது.